சிவப்பு மாறும்வரை பார்த்திருந்தேன்

தம்பி,

நேற்று யாழ்ப்பாணத்தில் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு அனலைதீவுக்குத் திரும்பி வரும்போது, வள்ளம் பாதிக் கடலில் நிற்க, என் சட்டைப் பைக்குள் போன் ஒரு தடவை சத்தம் போட்டது. றிப்போட் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். உன் கம்பனியில் நீங்கள் செய்த றிப்போட் பக்கத்தைத்தான் இப்போது அந்த ஆய்வுகூடமும் வாங்கியிருக்கிறது, இனி இரண்டு மணித்தியாலத்தில் எல்லாருக்கும் போனில் வந்துவிடும் என்று போன மாதம் நீ சொன்னாய். நீ சொன்னபடியே வந்தது. நான் இன்னும் திறக்கவில்லை. இரவு முழுவதும் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். காலையில் தேத்தண்ணி குடித்தேன், ஆட்டுக்குக் குழை போட்டேன், இப்போது விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இந்தக் கொப்பியை எடுத்திருக்கிறேன். என் கால் இரண்டும் வீங்கி, விரலால் அமத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. உன் அம்மாவின் காலில் விழுந்த அதே பள்ளம். இங்கேயிருந்து பார்த்தால் இறங்குதுறைக் கம்பம் தெரியும். அதில் சிவப்புச் சீலை ஏறியிருக்கிறது. சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது.

நீ என்னிடம் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டாய். "அப்பா, றிப்போட்டைத் தமிழிலை போடப்போறம். உங்களைப் போல ஆக்களுக்கு விளங்கவேணும். அதிலை என்ன இருந்தா நல்லம்?" முதல் தடவை லைன் சரியில்லை என்றேன். இரண்டாம் தடவை ஆடு கட்டு அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது என்றேன். மூன்றாம் தடவை நீ சிரித்தாய். "உந்த ஆடு கனடாவுக்கே ஓடி வந்திருக்கும் அப்பா" என்றாய். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதைச் சொல்லவேண்டுமென்றால் நான் உனக்குச் சொன்ன பொய்யையும் சொல்லவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எழுத்துப் பிழையைத்தான் சொல்கிறேன். மற்றப் பிழையைப் பொறுப்பதும் விடுவதும் உன் விருப்பம்.

முதலில் அந்தச் சிவப்புச் சீலையைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ சின்ன வயதில் பார்த்ததுதான், ஆனால் அது எங்களை எப்படி ஆட்டி வைத்தது என்று உனக்குத் தெரியாது. காற்றுப் பிழை என்றால் வள்ளக்காரச் சங்கம் அதை ஏற்றும். ஏற்றினால் ஒருவரும் வள்ளத்தை அவிழ்க்கக் கூடாது. யார் வந்து காலில் விழுந்தாலும் கூடாது. பொறுத்தால் எந்தக் காற்றும் இறங்கும், சீலையும் இறங்கும், அதுவரை கரையில் குந்தியிரு. இதுதான் எங்களுடைய படிப்பு. ஒருமுறை எங்களூர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு வந்து நின்றார்கள். ஊர்காவற்றுறையில் பெண் வீடு, முகூர்த்தத்துக்கு இரண்டு மணித்தியாலம். நான் எழும்பவில்லை. மாப்பிள்ளையின் மாமன் என் தலைக்கு மேலே நின்று கத்தினார். "உனக்கென்னடா, நீ கலியாணம் கட்டிப்போட்டாய்! அவன்ரை பாவம் உன்னைச் சும்மா விடாது!" நான் சொன்னேன், "அண்ணை, தாலி நாளைக்கும் கட்டலாம். மாப்பிள்ளை இருந்தாத்தான் கட்டலாம்." பின்னேரம் காற்று விழுந்தது. கொண்டுபோய் விட்டேன். அந்த மாமனே எனக்கு இரண்டாம் தரம் பாயாசம் ஊற்றச் சொன்னார். அதற்குப் பிறகு ஊரில் எனக்கு ஒரு பேர், "சிவப்புக்கு அசையாதவன்" என்று. நாற்பது வருடம் ஓடினேன். ஒரு பயணியையும் கடலுக்குக் கொடுக்கவில்லை. கெட்டித்தனத்தால் இல்லை தம்பி, காத்திருந்ததால்.

நீ பிறந்த அன்றும் சீலை ஏறித்தான் இருந்தது. அம்மாவுக்கு விடியற்புறம் வலி தொடங்கிவிட்டது. துறையில் பாயை விரித்துப் படுக்கவைத்தோம். பெண்கள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. அம்மா மட்டும் திட்டவில்லை. "அவர் அவிழ்ப்பார். காத்து விழட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நாலு மணித்தியாலம். பிறகு கடல் தானாகவே படுத்தது. ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரி வாசலில் கால் வைத்து அரை மணித்தியாலத்தில் நீ பிறந்தாய். காத்திருந்தால் எல்லாம் சரிவரும் என்று அன்றைக்கு நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறைதான். அந்த நம்பிக்கையைத்தான் மோனை, பிறகு நான் உன் அம்மாவுக்கு மேல் வைத்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், உன்னைக் குற்றம் சொல்வதற்காக இல்லை. எனக்கு முதல் போன் வாங்கி அனுப்பியது நீ. அதில் காற்றுப் பார்க்கும் பக்கத்தைப் போட்டுத் தந்ததும் நீ. "அப்பா, சிவப்பெண்டால் போகாதேங்கோ, பச்சையெண்டால் போங்கோ. இடைக்கிடை திறந்து பாருங்கோ, தானா மாறும்" என்று சொல்லித் தந்தாய். எனக்கு இங்கிலீசு தெரியாது, நிறம் தெரியும். காலையில் சிவப்பு, மத்தியானம் மஞ்சள், பின்னேரம் பச்சை. எங்கள் கம்பத்துச் சீலை போனுக்குள்ளே வந்துவிட்டது என்று நான் துறையில் எல்லாருக்கும் காட்டித் திரிந்தேன்.

இனி அந்தப் பங்குனி மாதத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு நீரிழிவும் பிரசரும் இருந்தது உனக்குத் தெரியும். கால் வீங்கிக்கொண்டு வந்தது, சோறு பிடிக்கவில்லை, தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வந்தது. திங்கட்கிழமை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். கிளினிக் அடுத்த திங்கள். றிப்போட் போனுக்கு வரும், கிளினிக்குக்கு வரும்போது காட்டுங்கள் என்று ஆய்வுகூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நான் உனக்கு வெள்ளிக்கிழமை வந்தது என்று சொன்னேன். வெள்ளி இல்லை தம்பி. செவ்வாய்.

குசினிக்குள் அம்மா குந்தியிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து திறந்தேன். வரி வரியாக இங்கிலீசு, இலக்கம், ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு நிறப் பொட்டு. மேலேயிருந்து கீழே எண்ணினேன்.

"கனக்கப் பச்சை இருக்கு. ரெண்டே ரெண்டு சிவப்புத்தான்" என்றேன்.

"சிவப்பெண்டா என்னவாம்?"

"சிவப்பெண்டா என்ன, இப்ப வெளிக்கிடாதை எண்டதுதான். அலையாமல் படுத்திரும். ரெண்டு மூண்டு நாளிலை இறங்கும்."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்கு நானும் ஒரு கடல்தான்" என்றாள்.

சிவப்புப் பொட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் பிறகு எங்களூர் ஆசுப்பத்திரியில் தாதியாக இருக்கிற மிஸியிடம் வாசிக்கக் கேட்டேன். உங்கள் வைத்தியரைக் காணவும் என்று எழுதியிருந்ததாம். அதை அன்றைக்கு வாசித்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? வைத்தியரைத்தானே திங்கட்கிழமை காணப்போகிறோம் என்று இருந்திருப்பேன். எப்போது காணவேண்டும் என்று அதில் இல்லை.

பக்கத்து வளவுச் செல்லம் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், புளியங்காய் பறித்ததற்கு உன் காதைத் திருகினவள். அவள் வந்து பார்த்தாள். "உது உடம்புச் சூடு. இளநீர் குடுங்கோ. என்ரை தென்னையிலை நிக்குது, கூச்சப்படாமல் வெட்டுங்கோ" என்றாள். நல்ல மனுசி. நல்ல மனதோடு சொன்னாள். நானே ஏறி வெட்டினேன், அந்த வயதிலும். ஒரு நாளைக்கு மூன்று. அம்மாவுக்கு வேறொன்றும் இறங்கவில்லை, இளநீர் மட்டும் இறங்கியது. அதனால் இன்னும் சந்தோசப்பட்டு இன்னும் வெட்டினேன்.

புதன்கிழமை காலையில் போனைத் திறந்தேன். சிவப்பு. மத்தியானம் திறந்தேன். சிவப்பு. கட்டிலில் இருந்து அம்மா கேட்பாள், "இஞ்சாருங்கோ, மாறிட்டுதோ?" நான் சொல்வேன், "மாறுது, மாறுது. நீர் படுத்திரும்." அந்தப் பக்கம் திங்கட்கிழமை இரத்தத்தைப் பிடித்து வைத்த படம், அது எந்தக் காலத்திலும் மாறாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவளுடைய உடம்பில் நடப்பது அந்தப் போனில் தெரிகிறது, உடம்பு சரிவந்தால் பொட்டுப் பச்சையாகும் என்றுதான் நான் இருந்தேன். வியாழக்கிழமை முற்றத்தில் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சிவப்புக் கொஞ்சம் வெளிறியிருப்பதுபோல் இருந்தது. உள்ளே ஓடிப்போய், "வெளிறுதப்பா!" என்று சொன்னேன். பங்குனி வெயிலில் எதைப் பிடித்தாலும் வெளிறித்தான் தெரியும். அவள் கையை என் கைக்கு மேலே வைத்தாள். அந்தக் கையில் பலம் இல்லை. ஈரச் சீலை கிடப்பதுபோல் கிடந்தது.

அந்த மூன்று நாளும் கடல் எப்படி இருந்தது தெரியுமா? பங்குனிக் கடல். கண்ணாடி. கம்பத்தில் ஒன்றும் இல்லை. எந்த நேரமும் நான் அவிழ்த்திருக்கலாம். என் வள்ளம் துறையில் எண்ணெயோடு நின்றது. ஒரு நாளில் நாலு தடவை துறைக்குப் போய் அந்தக் கடலைப் பார்த்தேன், நல்ல கடல் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளால் தலையைத் தூக்க ஏலவில்லை. நெஞ்சுக்குள்ளே கோழிக்குஞ்சு ஒன்று படபடத்துப் படபடத்து நிற்கிறது என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நானும் துரைராசாவுமாகத் தூக்கிக்கொண்டுபோய் வள்ளத்தில் கிடத்தினோம். துரைராசா என்னோடு முப்பது வருடம் வள்ளம் ஓடியவன். அவன் எஞ்சினைப் பிடித்தான், நான் அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தேன். அனலைதீவு பின்னுக்குப் போய், ஊர்காவற்றுறை இன்னும் கிட்ட வராத இடம். "காத்து இல்லையோ?" என்று கேட்டாள். "இல்லையப்பா, கடல் நல்லாய்க் கிடக்கு" என்றேன். "அப்ப ஏன் நேத்து வெளிக்கிடேல்லை?" என்று கேட்டாள். கோபமாக இல்லை. தெரியாததைக் கேட்பதுபோல் கேட்டாள். நான் பதில் தேடிக்கொண்டு இருந்தேன். தேடி முடிய முன்னம் அவள் போய்விட்டாள். ஒரு அலை கூட இல்லை தம்பி. வள்ளம் ஆடவே இல்லை.

ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியில் ஒரு இளம் டொக்டர். போனை வாங்கிப் பார்த்தார். "வேற என்ன சாப்பிடக் குடுத்தனீங்கள் ஐயா?" என்றார். "இளநீர் ஐயா. ஒரு நாளைக்கு மூண்டு." எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றுவிட்டது. அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். பிறகு எங்களூர் மிஸிதான் சொன்னாள், அந்தச் சிவப்பில் ஒன்று பொட்டாசியமாம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இரத்தத்தில் ஏறினால் நெஞ்சு நின்றுபோகுமாம், இளநீரில் இருப்பதும் அதுதானாம். டொக்டர் கேட்டார், "இது எப்ப வந்தது?" நான் சொன்னேன், "இப்பதான் ஐயா. இண்டைக்குத்தான்." அவர் போனைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். தேதி அதில் இருந்திருக்கும். பிறகு அதை என் கையில் தந்தார். வாயிலிருந்து வந்த அந்தப் பொய்யைத்தான் பின்னேரம் உனக்கும் சொன்னேன். நீ அங்கே அழுது குளறினாய். "றிப்போட் நேரத்துக்கு வந்திருந்தா அம்மா இருந்திருப்பா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். ஓம் என்றேன்.

அந்த "ஓம்" தான் இன்று வரைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது. நீ முந்தின வேலையை விட்டு இந்த வேலைக்குப் போனது அதனால்தான் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாக நித்திரை கொள்ளாமல் நீ வேகத்தைத் திருத்துகிறாய். ஒரு நாள் எடுத்தது இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது. தம்பி, வேகத்தில் பிழை இருக்கவில்லை. றிப்போட் நேரத்துக்கு வந்தது. நேரத்துக்கு வந்து என் கையில் மூன்று நாள் கிடந்தது. நீ திருத்துகிற ஓட்டை வேறு, தண்ணி வருகிற ஓட்டை வேறு. அந்த ஓட்டையை மறைத்து வைத்திருந்தது நான்.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. சிவப்புப் பொட்டைப் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே, பொடி எழுத்தில் இல்லை, பெரிய எழுத்தில், தமிழில் எழுது. இது காற்று இல்லை, தானாக மாறாது, இந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதே, இன்றைக்கே போ என்று எழுது. எங்கே போகவேண்டும், யாருக்குப் போன் பண்ணவேண்டும் என்று எழுது. திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா கூடாதா என்று எழுது, எங்கள் ஆட்கள் கிளினிக் கொப்பியில் இருக்கிற தேதிக்கு மேலே ஒரு தேதியையும் நம்பமாட்டார்கள். இளநீர் குடிக்காதே என்று எழுத வெட்கப்படாதே. உன் கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பச்சையை எண்ணிச் சந்தோசப்படுகிற ஒரு கிழவன் குசினியில் குந்தியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு எழுது. மண்டைதீவிலும் நாரந்தனையிலும் அவன் இருக்கிறான்.

இவ்வளவும் எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. போன் அப்படியே கவிழ்ந்து கிடக்கிறது. நேற்றுப் பின்னேரம் வந்தது. இரவு போய், காலையும் போய்விட்டது. உனக்குப் புத்தி சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் செய்கிறது என்ன? திரும்பவும் காத்திருக்கிறேன். எழுதுவதையும் ஒரு சாட்டாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

திறந்துவிட்டேன்.

எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த வரியின் உருவம் தெரியும். மூன்று வருடமாக உன் அம்மாவின் றிப்போட்டை நான் போனில் இருந்து அழிக்கவில்லை. அவளுக்குச் சிவப்பாக இருந்த அதே வரி எனக்கும் சிவப்பு.

இதை இப்போது எங்களூர் ஆசுப்பத்திரி மர வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன். கொப்பியையும் கையோடு கொண்டுவந்தேன். மிஸி போனைப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். "ஐயா, இது எப்ப வந்தது?" என்றாள். அதே கேள்வி. வாய்க்குள்ளே "இப்பதான்" வந்து நின்றது, பல்லைக் கடித்தேன். "நேத்துப் பின்னேரம் பிள்ளை" என்றேன். "பிறகு இவ்வளவு நேரம் என்ன செய்தனீங்கள்?" என்று ஏசினாள். அந்த ஏச்சு எனக்கு மூன்று வருடத்துக்கு முன்னமே கிடைத்திருக்கவேண்டும். வாய்க்கு ஏதோ மருந்து தந்தாள், நெஞ்சில் வயரைக் கொழுவிப் பார்த்தாள். பிறகு கடலுக்கு அந்தப் பக்கத்து டொக்டரோடு போனில் கதைத்தாள். இங்கே வைத்திருக்க ஏலாது, உடனே கொண்டுவரச் சொல்லிவிட்டாராம்.

துரைராசா வாசலில் நிற்கிறான். "மச்சான், சீலை ஏறிக் கிடக்கு. அவிழ்க்கலாமோ எண்டு நீயே சொல்லு" என்கிறான். நாற்பது வருடமாக மற்றவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி. நேவியின் பெரிய வள்ளத்துக்கும் மிஸி சொல்லியிருக்கிறாள். அது வந்தால் அது, இல்லாவிட்டால் துரைராசாவின் வள்ளம். கடலும் சிவப்பு, இரத்தமும் சிவப்பு. ஒன்று நில் என்கிறது, ஒன்று போ என்கிறது. எந்தச் சிவப்பு இறங்கும், எந்தச் சிவப்பு இறங்காது என்று உன் அம்மா எனக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

"அவிழ்" என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து இப்போதே உனக்கு அனுப்புகிறேன், இந்தக் காற்றுக் கடலில் போனை வெளியில் எடுக்க ஏலாது. படித்தவுடன் எனக்குப் போன் எடுக்காதே. எனக்காகக் குளறாதே, என்னை ஏசவும் இப்போது நேரம் எடுக்காதே. உன் மேசைக்குப் போய் முதலில் அந்த வரியை எழுது. நான் அந்தக் கரையில் இறங்கினால் என் போனைத் திறந்து பார்ப்பேன், அந்தச் சிவப்புக்குக் கீழே தமிழில் ஏதாவது இருக்கிறதா என்று.

அப்பா